வேப்புக்கு எந்தச் சட்டம் வந்தா ஆருக்கு அடி: நாலு நாட்டு வழியையும் வன்னிக் கடையில வைச்சுப் பாப்பம்

வேப் எண்ட இலத்திரனியல் சிகரெட்டை இஞ்ச கடையில வைக்கலாமோ எண்டு கேக்கிற ஆக்கள் இப்ப கூடிப்போச்சு. கிளிநொச்சி டவுனிலயும் பரந்தன் சந்தியிலயும் புதுக்குடியிருப்பிலயும் போன் கடை வைச்சிருக்கிற பெடியளுக்குத்தான் உந்த யோசினை கூட, ஏனெண்டா சார்ஜர், கவர், இயர்போன் எண்டு ஆளுக்கொரு கடை போட்டு லாபம் சுருங்கிப்போச்சு, வெளிநாட்டில இருந்து திருவிழாவுக்கு வாற சொந்தக்காரர் முத்தத்தில நிண்டு அதை இழுக்கேக்க பாத்திட்டு "அண்ணை உது அங்க என்ன விலை, இஞ்ச எடுத்து வித்தா என்ன" எண்டு கேள்வி வருது. மற்றப் பக்கம் "முழுசாத் தடை செய்தாச் சரி, கதை முடிஞ்சுது" எண்டு சொல்லுறவை. ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன்.

முதல்ல எங்கட நாட்டு நிலைமை. புகையிலை, மதுசாரம் பற்றின தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006இல வந்தது, 27ஆம் இலக்கம், 21 வயசுக்குக் கீழ்ப்பட்டவைக்கு சிகரெட் விக்கேலாது எண்டதும் விளம்பரம் போடேலாது எண்டதும் அதுக்குள்ளதான் இருக்கு. பிறகு 2016இல அந்தச் சட்டத்துக்குக் கீழ ஒரு ஒழுங்குவிதி கொண்டு வந்து, வாயில போட்டுச் சப்புற புகையிலைச் சாமான், வாசனை சேத்த சிகரெட், புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரெட் எல்லாத்தையும் செய்யவோ இறக்கவோ விக்கவோ கூடாதெண்டு ஆக்கிப்போட்டினம். ஆகவே "இஞ்ச சட்டமே இல்லை, முந்தினவன் வெல்லட்டும்" எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ. ஆனா சட்டம் எல்லா நாட்டிலயும் மாறிக்கொண்டு கிடக்கு, இஞ்சயும் ஒருநாள் திருப்பி எழுதத்தான் போகினம், அப்ப எந்த வழியைக் கேக்கிறது எண்டதுதான் எங்களுக்கு முன்னால இருக்கிற கேள்வி.

நான் ஒரு சட்டத்தை அளக்கிறது மூண்டு கேள்வியால. சட்டம் வந்த அடுத்த நாள் வேப் இழுக்கிற ஆள் எங்க போவான்? விக்கிற ஆக்களில கடைசியா ஆர் மிஞ்சுவினம்? அதைப் போய்ப் பாத்துப் பிடிக்கிறது ஆர்? சட்டப் புத்தகத்தில என்ன நோக்கம் எழுதியிருக்கெண்டது எனக்குப் பெரிசில்லை.

சாமானைப் பற்றியும் கொஞ்சம் தெரிஞ்சிருக்க வேணும். வேப்புக்குள்ள எரியிறது ஒண்டும் இல்லை. புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், வாசனை இவ்வளவும் கலந்த தண்ணி ஒரு கம்பிச்சுருளில சூடாகி ஆவியா வருது, அதுக்கு ஒரு லித்தியம் பற்றரி. சிகரெட்டில ஆளைக் கொல்லுறது பெரும்பாலும் எரியிற புகையும் தாரும்தான், நிக்கொட்டின் ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கிற கயிறு. இங்கிலாந்தின்ர பொதுச் சுகாதார அமைப்பு 2015இல சிகரெட்டோட பாக்க வேப் கிட்டத்தட்ட 95 வீதம் தீங்கு குறைவு எண்டு சொன்னது, அந்தக் கணக்குக்கு ஆதாரம் மெலிவு எண்டு அப்பவே சண்டைக்கு வந்த வைத்தியர்மாரும் இருக்கினம். சிகரெட்டை விட நினைக்கிறவைக்கு நிக்கொட்டின் சுவிங்கம், பிளாஸ்ரரை விட நிக்கொட்டின் வேப் கூட உதவுது எண்டு கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. அதே நேரம் பதினைஞ்சு வயசுப் பெடியன் ஒருத்தன், சிகரெட்டே தொடாதவன், மாம்பழ வாசனைக்காக இதைத் தொட்டா அவனுக்கு இதால ஒரு லாபமும் இல்லை, நட்டம் மட்டும்தான். 2023 டிசம்பரில உலக சுகாதார அமைப்பு வாசனையளைத் தடை செய்யச் சொல்லி நாடுகளைக் கேட்டது இந்தப் பெடியனை மனசில வைச்சுத்தான். முப்பது வருசமாப் பத்துற ஐயாவுக்கு நல்லதா இருக்கிற சட்டம் இந்தப் பெடியனுக்குக் கூடாது, பெடியனுக்கு நல்ல சட்டம் ஐயாவைத் திரும்ப சிகரெட்டுக்குத் தள்ளும். எல்லா நாடும் முழிக்கிறது இந்த இடத்திலதான்.

முழுத் தடையை முதல்ல எடுப்பம், எங்களுக்குப் பழகின வழி அதுதான். இந்தியா 2019 செப்டெம்பரில அவசரச் சட்டமாக் கொண்டு வந்து அந்த வருசமே சட்டமாக்கினது. முதல் தரம் பிடிபட்டா ஒரு வருசம் வரைக்கும் மறியல், இல்லாட்டி ஒரு லட்சம் இந்திய ரூபாய் வரை தண்டம், ரெண்டும் சேத்தும் வரலாம், திரும்பப் பிடிபட்டா மூண்டு வருசமும் அஞ்சு லட்சமும். சும்மா ஸ்ரோரில வைச்சிருந்தாலே ஆறு மாசம். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேல, 2018 பெப்ரவரியில இருந்து சட்டைப் பையில வைச்சிருந்தாலே குற்றம், 2025 செப்டெம்பரில தண்டனையை இன்னும் கூட்டினவை.

தடையால ஒரு நன்மையும் இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன். மல்லாவியிலயோ துணுக்காயிலயோ ஒரு பலசரக்குக் கடைக்குள்ள போனா முட்டாசிப் போத்திலுக்குப் பக்கத்தில கலர் கலரா வேப் தொங்கேல்லை, அது தடையால வந்த பலன்தான், பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளை கண்ணாலயே காணாத சாமானை ஆசைப்பட வழி குறைவு. இதை வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் கனபேர் விளங்கிக்கொள்ளுறேல்லை, அங்க கடைத்தட்டில பாத்துப் பழகினவைக்கு இல்லாததின்ர அருமை தெரியாது.

ஆனா தடை எண்டது பிடிக்கிற ஆள் இருந்தாத்தான் தடை. இதுக்குத் தூர நாட்டு உதாரணம் தேவையில்லை, புகையிலை சேத்துச் சப்புற மாவா பாக்கைப் பாருங்கோ. அதே 2016 ஒழுங்குவிதிதான் வாயில போடுற புகையிலையையும் தடை செய்தது, வருசம் எத்தினை போச்சு, இண்டைக்கும் வடக்கில மாவாப் பைக்கற்றோட ஆள் பிடிபட்டது எண்டு செய்தி வாறது நிக்கேல்லை, பிடிபட்ட செய்தி வருகுதெண்டா பிடிபடாதது எவ்வளவு எண்டு நீங்களே நினைச்சுப் பாருங்கோ. மன்னார்ப் பக்கம் கடலால வாற பீடி இலை மூட்டையளைக் கடற்படை பிடிக்கிற செய்தியும் அப்பிடித்தான். பாதை ஏற்கெனவே போட்டுக் கிடக்கு, சாமானை மட்டும் மாத்தினாச் சரி, அதுவும் பீடி இலை மூட்டைக்குப் பக்கத்தில வேப் எண்டது பொக்கற்றுக்குள்ள அடங்கிற சாமான்.

மாவா விக்கிறவன் வயசு கேக்கிறேல்லை, வேப்பை ஒளிச்சு விக்கிறவனும் கேக்கப் போறேல்லை. ரிக்ரொக்கில பாத்து வட்ஸ்அப்பில ஓடர் போட்டு பஸ்ஸில பாசலா வருகுதெண்டா அதுக்குள்ள நிக்கொட்டின் எவ்வளவு, வேற என்ன கலந்திருக்கு எண்டு கேக்க ஒரு நாதி இல்லை. 2019இல அமெரிக்காவில வேப்பால நுரையீரல் போய் ஆயிரக்கணக்கில ஆஸ்பத்திரிக்குப் போனவையில கூடின பேர் இழுத்தது கடைச் சாமானை இல்லை, கஞ்சாச் சாறு கலந்து ஒளிச்சு வித்ததை, அதுக்குள்ள விட்டமின் ஈ அசிற்றேற் எண்ட எண்ணெய் கலந்து கிடந்தது. ஒளிச்சு விக்கிற சந்தைக்குள்ள அப்பிடி ஒண்டு நுழைஞ்சா எங்களுக்குத் தெரிய வாறது ஆஸ்பத்திரிக் கட்டிலில வைச்சுத்தான்.

தடையில இன்னொரு முரண் என்னெண்டா சிகரெட் எல்லா இடத்திலயும் கிடக்கு. முறிகண்டியில பஸ் நிக்கிற அஞ்சு நிமிசத்துக்குள்ள கச்சானோட சேத்து ஒரு தனிச் சிகரெட்டும் வாங்கலாம். பெட்டியில 80 வீதத்துக்குப் படம் போட்டிருக்கு எண்டு சொல்லுவினம், தனியா ஒண்டு வாங்கிறவன் அந்தப் பெட்டியைக் காணுறதே இல்லை. ஆக, தடை இருக்கிற ஊரில பத்துறவனுக்குக் கிடைக்கிற தெரிவு சிகரெட், அது விலை கூடினாப் பீடி.

இனி பிரித்தானியா வழி, விக்கலாம் ஆனா கட்டிப்போட்டு விக்கிறது. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும், பெரியம்மான்ர மோன் லண்டனில ஹரோப் பக்கம் ஒரு சின்ன மூலைக்கடை வைச்சிருக்கிறார், பேப்பர், பால், பாண், லொத்தர், சிகரெட், வேப் எண்டு எல்லாம் கலந்த கடை. அண்ணையோட கதைக்கேக்க விளங்கினது, சிகரெட்டில கடைக்காரனுக்கு நிக்கிறது சொற்பம், விலையில பெரும்பகுதி வரிதான், வேப்பிலதான் ஏதோ கையில நிண்டது. அங்க 2016இல ஐரோப்பிய விதி வந்து ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல நிக்கொட்டின் இருக்கேலாது, தண்ணி நிக்கிற ராங்க் 2 மில்லிலீற்றருக்கு மேல போகேலாது, நிக்கொட்டின் போத்தில் 10 மில்லிலீற்றருக்கு மேல வரேலாது, ஒவ்வொரு சாமானையும் விக்க முதல் பதிய வேணும் எண்டு ஆக்கினது. ஐரோப்பாவை விட்டு வந்த பிறகும் அந்த விதியள் அங்க கிடக்கு. இதில சின்னக் கடைக்காரனுக்குப் பெரிய சுமை இல்லை, பதியிறது செய்யிறவன்ர வேலை, கடைக்காரன் 18 வயசைப் பாத்துப் பதிஞ்ச சாமானா வாங்கி வைச்சாச் சரி.

பிறகுதான் இறுக்கம் வந்தது. 2025 ஜூன் 1 தொடக்கம் ஒருக்காப் பாவிச்சு எறியிற வேப் தடை. வாரத்துக்கு 50 லட்சம் அப்பிடி எறிபடுகுது எண்டு அங்க கணக்குச் சொன்னவை, பற்றரியோட குப்பைக்குள்ள போய் குப்பை லொறியே பத்தி எரிஞ்சிருக்கு, அதால அந்தத் தடையில நியாயம் இருக்கெண்டுதான் நான் சொல்லுவன். ஆனா நடந்தது என்ன, கொம்பனியள் அதே சாமானுக்கு அடியில ஒரு சார்ஜ் ஓட்டை வைச்சு, மேல கழட்டி மாத்திற பொட் எண்ட சின்னத் தண்ணிக் குப்பி ஒண்டு போட்டு, கிட்டத்தட்ட அதே விலைக்கு அடுத்த நாளே தட்டில வைச்சிட்டினம். பழைய ஸ்ரொக்கை வித்து முடிக்கிற அவதி கடைக்காரனுக்கு, திகதி தாண்டித் தட்டில இருந்தா 200 பவுண் தண்டம், அதோட பாவிச்ச வேப்பைத் திரும்ப வாங்கிப் போடுற பெட்டியும் கடையில வைக்க வேணும். கொம்பனிக்கு உது ஒரு டிசைன் மாத்திற வேலை, அவ்வளவுதான்.

அடுத்தது வரி. 2026 ஒக்ரோபர் 1 தொடக்கம் 10 மில்லிலீற்றருக்கு 2 பவுண் 20 பென்ஸ் எண்டு தீர்வை, நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாட்டிலும் அதே கணக்கு. இதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ. வீட்டில தானே நிரப்பி இழுக்கிற ஆள் நிக்கொட்டின் கலக்காத 100 மில்லிலீற்றர் போத்தில் ஒண்டு வாங்கினா தீர்வை மட்டும் 22 பவுண், அதுக்கு மேல 20 வீத வற் வர 26 பவுண் 40 பென்ஸ் ஆகுது, சாமான்ர விலை அதுக்குப் புறம்பு. 2 மில்லிலீற்றர் பொட் வாங்கிறவனுக்கோ 44 பென்ஸும் வற்றும்தான் கூடுது. அப்ப ஆருக்கு அடி? மலிவா, குப்பை இல்லாமல், நிதானமாப் பாவிக்கிற பழைய ஆளுக்கு. பள்ளிக்கூடப் பெடியனை ஈர்க்கிற சின்னப் பொட்டுக்கு இல்லை. சிகரெட் தீர்வையையும் சேத்துக் கூட்டித்தான் இடைவெளி குறையாமப் பாக்கிறம் எண்டு அரசாங்கம் சொல்லுது, அதுக்குள்ள புத்தி இருக்கு, ஆனா அளவை வைச்சு வரி போடுறதை விட நிக்கொட்டின்ர கடுமையை வைச்சுப் போட்டிருந்தா இவ்வளவு கோணியிராது எண்டது என்ர எண்ணம்.

2024 நவம்பரில அங்க பாராளுமன்றத்துக்கு வந்த புகையிலை, வேப் சட்டமூலம் இன்னும் தூரம் போச்சு. 2009 ஜனவரி 1இலயோ அதுக்குப் பிறகோ பிறந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்க சிகரெட் விக்கேலாது, வேப்புக்கு வாசனை, பெட்டிக் கலர், கடையில காட்சிக்கு வைக்கிற விதம் எல்லாத்தையும் அமைச்சர் கட்டுப்படுத்த அதிகாரம், விக்கிறதுக்கு லைசென்ஸ். லைசென்ஸைப் பற்றிக் கேக்க அண்ணை சொன்னது, "காசு கட்டுறது பிரச்சினை இல்லையடா, கட்டாமல் விக்கிறவனைப் பிடிச்சாச் சரி, ரெண்டு கடை தள்ளி முடி வெட்டுற கடைக்குள்ள பெரிய பெரிய வேப் விக்கிறாங்கள், அவனிட்ட ஆரும் போறேல்லை, என்னட்டத்தான் வாறாங்கள்." சின்ன வியாபாரியின்ர முறைப்பாடு எந்த நாட்டிலயும் உதுதான்.

கனடாவும் நியூசிலாந்தும் கட்டிப்போடுறதில வேற ஒரு விதம். ஒன்ராறியோவில 2020 ஜூலையில இருந்து பழ வாசனை, இனிப்பு வாசனை எல்லாம் வேப் மட்டும் விக்கிற, 19 வயசுக்குக் கீழ உள்ள ஆளை உள்ளுக்கு விடாத கடையளில மட்டும்தான், ஸ்காபரோவில பாலும் பாணும் விக்கிற எங்கட ஆக்களின்ர கடைக்குப் புகையிலை, மின்ற், மெந்தோல் மட்டும். கனடா முழுக்க 2021 ஜூலையில 20 மில்லிகிராம் வரம்பு வந்தது. கியூபெக் 2023 ஒக்ரோபர் 31ஓட வாசனையை முழுசா நிப்பாட்டிப்போட்டுது. நியூசிலாந்திலயும் பொதுக்கடைக்கு மூண்டு வாசனை, சிறப்புக் கடைக்கு மிச்சம் எண்டு பிரிச்சாங்கள், உடன மூலைக்கடைக்காரர் தங்கட கடைக்குள்ளயே ஒரு மூலையைப் பலகையால அடைச்சுத் தனிக்கதவு வைச்சு அதைச் சிறப்புக் கடை எண்டு பதிஞ்சினம். எனக்கு வாசிக்கேக்க சிரிப்பு வந்தது, எங்கட ஆக்களா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பினம். பிறகு பள்ளிக்கூடத்தில இருந்து 300 மீற்றருக்குள்ள புதுச் சிறப்புக் கடை திறக்கேலாது எண்டு விதி வந்தது.

பாமசி வழியைத்தான் அவுஸ்திரேலியா எடுத்தது. 2021 ஒக்ரோபரில நிக்கொட்டின் வேப்புக்கு டொக்டரின்ர துண்டு வேணும் எண்டினம், 2024 ஜனவரியில எறியிற வேப் இறக்கிறது தடை, 2024 ஜூலை 1 தொடக்கம் எந்த வேப்பெண்டாலும் பாமசியில மட்டும்தான், அந்த ஒக்ரோபரில இருந்து 18 வயசு தாண்டின ஆள் துண்டில்லாமலே பாமசிக்காரரோட கதைச்சு 20 மில்லிகிராம் வரைக்கும் வாங்கலாம், வாசனை புகையிலை, மின்ற், மெந்தோல் மட்டும், பெட்டியில கலர் இல்லை. எழுத்தில பாக்க எனக்கு இதுதான் வடிவான வழி. பெடியனுக்கு ஈர்ப்பில்லை, ஐயாவுக்குக் கிடைக்கும். ஆனா வேப் கடை எண்ட ஒரு தொழிலே ஒரே நாளில போச்சு, பாமசிக்காரரின்ர சங்கமே தங்களை இதுக்கு இழுக்க வேண்டாம் எண்டு எதிர்த்தது, வாங்கிற ஆக்களும் பாமசிக்கு வராமல் ஒளிச்சு விக்கிற கடைக்கே போகினம். அங்க சிகரெட் வரியும் உச்சத்தில, அதால கள்ளச் சிகரெட்டும் கள்ள வேப்பும் ஒரே கையில போய், மெல்பேர்ண் பக்கம் கடைக்காரரிட்டக் கப்பம் கேட்டுக் கடையைக் கொழுத்திற அளவுக்கு வந்து நிக்குது. வரி, தடை, பாமசி மூண்டையும் ஒரே நேரத்தில இறுக்கினா இப்பிடியும் நடக்கும் எண்டதை எங்கட ஆக்கள் கவனிக்க வேணும்.

அமெரிக்க வழி சின்னவனை விழுத்திற வழி, இதைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். 2016 ஓகஸ்ட் 8 தொடக்கம் வேப்பும் புகையிலைச் சாமான் எண்டாக்கி, ஒவ்வொரு சாமானுக்கும் ஆய்வோட விண்ணப்பம் போட்டு அனுமதி எடுத்தாத்தான் விக்கலாம் எண்டினம். கடையில தானே தண்ணி கலந்து குடுத்த சின்ன வேப் கடைக்காரனும் அந்தச் சட்டப்படி ஒரு உற்பத்தியாளன். 2020 செப்டெம்பர் 9 கடைசித் திகதி. லட்சக்கணக்கில வந்த விண்ணப்பங்கள் தள்ளுபட்டுப் போக, 2021 ஒக்ரோபரில முதல் அனுமதி கிடைச்சது ஒரு பெரிய சிகரெட் கொம்பனியின்ர சாமானுக்கு. அந்தக் கொம்பனி ஆரின்ர எண்டா பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவின்ர, எங்கட நாட்டில சிகரெட் செய்யிற கொம்பனியில பெரும்பங்கு வைச்சிருக்கிறதும் அவைதான். மெந்தோல் வேப்புக்கு அனுமதி வர 2024 ஜூன் ஆச்சு. 2025 ஏப்ரலில உயர் நீதிமன்றமும் அரசாங்கத்தின்ர பக்கம் நிண்டது. இவ்வளவுக்கும் பிறகு அமெரிக்கக் கடையளுக்குள்ள அனுமதி இல்லாத சீனச் சாமான் நிரம்பி வழியுது. ஆய்வுக்குக் காசு கட்ட ஏலாத நேர்மையானவன் போனான், காசுள்ளவனும் களவா விக்கிறவனும் நிண்டினம்.

சரி, இதெல்லாத்தையும் வன்னிக்குக் கொண்டு வந்து வைப்பம்.

பிரித்தானியா வழியை அப்பிடியே இஞ்ச இறக்கிறதுக்கு நான் எதிர். காரணம் எங்கட கடையளின்ர அமைப்பு. விசுவமடுவிலயோ நெடுங்கேணியிலயோ ஒரு பெட்டிக்கடையில ஐஸ்பழம் வாங்க வாற பிள்ளையும் சிகரெட் வாங்க வாற அப்பாவும் ஒரே பலகைக்கு முன்னால நிக்கினம், அப்பாவுக்குச் சிகரெட் வாங்கப் பிள்ளையையே அனுப்புற பழக்கமும் போகேல்லை, 21 வயசுச் சட்டம் எவ்வளவு மதிக்கப்படுகுது எண்டு ஊரில இருக்கிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை கேட்டா "என்ர பிள்ளையிட்டயே கேட்டியோ" எண்டு தகப்பன் சண்டைக்கு வருவார். பிடிக்கிற அதிகாரம் பொலிசுக்கும் மதுவரிக்காரருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இருக்கு, ஆனா பி.எச்.ஐ. ஒராள் டெங்குக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் கிணத்துக்கும் ஓடித் திரியேக்க வேப் பெட்டியில எத்தினை மில்லிகிராம் எண்டு பாக்க எங்க நேரம். பதிவு, வரம்பு, பரிசோதனை எண்டு ஒரு பெரிய இயந்திரம் பின்னால ஓடினாத்தான் அந்த வழி வேலை செய்யும், இஞ்ச அந்த இயந்திரம் இல்லை.

முழுத்தடையை இப்பிடியே விடுறதிலயும் எனக்குத் திருப்தி இல்லை, மாவாவைப் பற்றி மேல சொல்லிப்போட்டன். எறியிற வேப்புக்கும் பழ வாசனைக்கும் தடை அப்பிடியே கிடக்கட்டும், அதைத் தளத்தக் கூடாது, இஞ்ச பற்றரி போடுற குப்பைக்குத் தனி ஒழுங்கே இல்லை, வயல் வரம்பிலயும் குளத்துக் கட்டிலயும்தான் போய்க் கிடக்கும். ஆனா வருசக்கணக்காப் பத்தி நெஞ்சு நோவோட கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ வவுனியா ஆஸ்பத்திரிக்கோ போற ஆளுக்கு, சுவிங்கமும் ஆலோசனையும் குடுத்துச் சரிவராட்டி, திரும்ப நிரப்பிற, வாசனை இல்லாத, 20 மில்லிகிராமுக்கு மேல போகாத ஒண்டை டொக்டரின்ர துண்டோட குடுக்கிற வழி ஒண்டைத் திறக்கலாம். அவுஸ்திரேலியா விட்ட இடம் என்னெண்டா அதோட சேத்து சிகரெட்டை எட்டாத விலைக்கு ஏத்தினது. எங்களுக்கு அதிலயும் தலைகீழா ஒரு சிக்கல் இருக்கு, சிகரெட் ஏறினா எங்கட ஆள் பீடிக்குப் போறார், அதால பீடியைத் தொடாமல் வேப்பை மட்டும் கதைக்கிற எந்தச் சட்டமும் வன்னியில அரைவாசிச் சட்டம்தான்.

பாமசி டவுனில மட்டும்தானே, கிராமத்து ஆள் எப்பிடி வாறது எண்டு கேப்பியள். ஓம், பூநகரியில இருந்தோ ஒட்டுசுட்டானில இருந்தோ ஒருத்தர் பஸ் பிடிச்சு வரத்தான் வேணும். பிறஷர் குளிசைக்கும் சீனி வருத்தக் குளிசைக்கும் கிளினிக்குக்கு வாறவைதானே அவை, அதே நாளில எடுக்கட்டும். லேசா எடுக்க ஏலாமல் இருக்கிறது இந்தச் சாமானுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்ப கடை வைச்சிருக்கிற தம்பிமாருக்கு. களவா எடுத்து வைக்கிறதில லாபம் இருக்கெண்டு சொல்லுவாங்கள், இருக்கும், ஆனா கணக்கை முழுசாப் போடுங்கோ. கடைக்கு நீங்கள் வாங்கியிருக்கிற லோன் உங்கட பேரில, கடை வாடகை உங்கட பேரில, பிரதேச சபை அனுமதி உங்கட பேரில, கொழும்பில இருந்து பாசல் அனுப்புறவன்ர பேர் மட்டும் எதிலயும் இல்லை. பிடிபட்டா வழக்குக்கு நீங்கள், சாமான் போனது போனதுதான், பில்லே இல்லாத சாமானுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது. நாளைக்குச் சட்டம் திறந்தாலும் முதல்ல போட்டவனுக்குத்தான் அடி விழும், பிரித்தானியாவில எறியிற வேப்பை ஸ்ரொக் எடுத்துவைச்சவைக்கு நடந்ததைப் பாத்தியள்தானே, ஒரு திகதியோட தட்டு முழுக்கச் சட்டவிரோதம். அமெரிக்காவைப் போல ஆய்வுக் காசு கேட்டா சந்தை முழுக்க சிகரெட் கொம்பனிக்கு, நீங்கள் அவன்ர சாமானுக்கு ஒரு ராக்கை, அவ்வளவுதான். அண்ணை ஹரோவில இருந்து "திரும்ப நிரப்பிற செற் கொஞ்சம் ஆரும் வரேக்க குடுத்து விடவோ" எண்டு கேட்டவர், வேண்டாம் எண்டுதான் சொன்னனான், அந்த இடத்துக்குப் பவர் பாங்க் குடுத்து விடச் சொல்லியிருக்கிறன்.

ஏற்கெனவே இழுக்கிற ஆக்களுக்கும் ரெண்டு சொல்லு. வெளிநாட்டு ஆக்கள் விட்டிட்டுப் போனது, ஆரோ குடுத்தது எண்டு கையில இருந்தா அதில எத்தினை மில்லிகிராம் எண்டு பாருங்கோ, ஐம்பது எண்டு போட்டிருந்தா அது பிரித்தானியாவிலயோ கனடாவிலயோ சட்டப்படி விக்கவே ஏலாத கடுமை. சிகரெட்டும் வேப்பும் ரெண்டையும் சேத்து இழுக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை, சிகரெட்டை முழுசா விட்டாத்தான் கணக்கு மாறும். சிகரெட்டே பத்தாத ஆள் எண்டா இதைத் தொடவே தேவையில்லை. விட யோசிக்கிறவைக்கு 1948 எண்ட இலக்கத்தில அரசாங்கத்தின்ர ஆலோசனைச் சேவை இருக்கு, ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

சட்டம் திருத்திற கதை வந்து, சின்ன வியாபாரியளிட்டயும் கருத்துக் கேட்டா நான் எழுதிக் குடுக்கப்போறது இவ்வளவும்தான். பழ வாசனையும் எறியிற சாமானும் எந்தக் கடைக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். துண்டுக்குக் குடுக்கிறது பாமசியும் ஆஸ்பத்திரியும் மட்டும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் சேத்துத்தான் விலையை யோசிக்க வேணும். என்றைக்காவது கடைக்கு லைசென்ஸ் எண்டு வந்தா பதிவுச் செலவும் ஆய்வுச் செலவும் செய்யிறவன், இறக்கிறவன் தலையில, கடைக்காரனுக்கு வருசா வருசம் பிரதேச சபையில எடுக்கிற வியாபார அனுமதியோட சேத்துக் கடையின்ர அளவுக்கு ஒரு கட்டணம், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற கடைக்கு எவ்வளவு காசு கட்டினாலும் அனுமதி இல்லை, அந்தக் கடைசி விதியால எங்கட கடைக்கே கிடைக்காமல் போகும், பரவாயில்லை.